மாறாமல் நின்ற எண்

அலமாரியின் அடித்தட்டைச் சுத்தம் செய்தபோது உள்ளங்கையளவு சர்க்யூட் பலகை ஒன்று கையில் தட்டுப்பட்டது. விளிம்பெல்லாம் காய்ந்த செம்மண். ஈரத்துணியால் துடைத்ததும் மழையில் நனைந்த மண்ணின் வாசனை எழுந்தது. உங்களுக்கு அது பிடிக்கலாம். நான் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த அப்பா, "மக கொழும்புல கம்ப்யூட்டரோட அடிவயித்துல வேல பாக்குறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் இயக்கும் கெர்னல் என்றால் என்னவென்று விளக்க முடியாமல் 'அடிவயிறு' என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான். மலைச்சரிவின் அசைவை அளக்கும் பெட்டி ஒன்றை எங்கள் சின்னக் கம்பெனி செய்திருந்தது. வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், எட்டு வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்துக்குப் பின்னால் கம்பம் நட்டு, வயரைக் கீழே பிள்ளைக்காம்பராவுக்கு இழுத்தோம். ஆயம்மா குழந்தைகளைத் தூங்கவைக்கும் அறையின் மூலையில் பெட்டி. அதன் திரையில் எண் ஆடாமல் நின்றதில் எனக்குப் பெருமைகூட.

மூன்றாம் நாளும் மழை விடவில்லை. கடைசி வீட்டுப் புஷ்பம் அக்கா கொழுந்து பறிக்கப் போகாமல் நேரே என்னிடம் வந்தார்.

"மிஸ், எங்க வீட்டுக் கதவு காலையிலேருந்து மூட மாட்டேங்குது. சுவத்துலயும் வெடிப்பு."

திரையில் கம்பத்தின் சாய்வைப் பார்த்தேன். 0.412. "ஒண்ணும் மாறலக்கா. மழைக்குக் கதவு ஊதியிருக்கும்."

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பின்னாலேயே வந்திருந்தார். "அதான் மிஸ்ஸே சொல்லிட்டாங்களே, மலைக்குப் போங்க."

அக்கா நகரவில்லை. "வீட்டுக்காரரு ராத்திரி வேல முடிச்சிட்டு உள்ள தூங்குறாரு மிஸ். நல்லா பாத்துச் சொல்லுங்க."

நல்லா பார்த்தேன். நேற்றும் 0.412. முந்தாநாளும் அதே. கடைசி இலக்கம்கூட அசையவில்லை. மண் அப்படி இருக்காது. ஒரு லொறி போனாலே கொஞ்சம் நடுங்கும். குடையைக்கூட எடுக்காமல் மேலே ஓடி, கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன்.

"ஆயம்மா, நம்பர் மாறுதா?"

"அப்படியேதான் இருக்கு புள்ள!"

தவறு புரிந்துவிட்டது. கம்பத்திலிருந்து வரும் அளவு நேரே நினைவகத்தில் எழுதப்படும். பிராசசரோ ஒவ்வொரு முறையும் அதுவரை போகாது. ஒருமுறை எடுத்ததன் நகலைக் கேஷ் என்னும் சின்ன நினைவிடத்தில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அதையே படிக்கும். ஆகவே அந்த நினைவகப் பக்கத்துக்கு 'நகல் வைக்காதே' என்று குறியிட வேண்டும்; இல்லையென்றால் படிக்குமுன் பழைய நகலை அழித்துவிட வேண்டும். வேகமாக ஓடட்டும் என்ற ஆசையில் நான் இரண்டையும் செய்யவில்லை. கொழும்பில் ஆயிரம் வேலைகளுக்கு நடுவே சோதித்தபோது பழைய நகல் தானாகவே வெளியே தள்ளப்பட்டது. இங்கே பெட்டிக்கு வேறு வேலையே இல்லை. முதல் நாள் படித்த எண்ணையே மூன்று நாளாக ஒப்பித்துக்கொண்டிருந்தது. கீழே ஓடி வந்து கத்தினேன்.

"பொட்டி பொய் சொல்லுது! எல்லாரையும் வெளிய எடுங்க!"

"இப்பதானே சரின்னீங்க?" என்றார் கண்டாக்கு.

"தப்பு என்னோடதுங்க. ஆளுகள எறக்குங்க!"

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு விசில் ஊதிக்கொண்டே லயத்துக்கு ஓடினார். புஷ்பம் அக்காவின் கணவர் போர்வையோடு, திட்டிக்கொண்டே வெளியே வந்தார். ஆயம்மா பிள்ளைகளோடு கோயிலடிக்குப் போனார். நான் போகாமல் பெட்டியருகே உட்கார்ந்து அந்த 'நகல் வைக்காதே' குறியை இட்டேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். பெட்டி மறுபடி எழுந்ததும் 3.870. அடுத்து 4.126. திரும்பி வந்த கண்டாக்கு என் கையைப் பிடித்து இழுத்தார். பெட்டிக்குள்ளிருந்த பலகையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன், சேற்றில் விழுந்தேன், ஏன் அதை எடுத்தேன் என்று இன்றும் தெரியாது.

சத்தம் இடிபோல இல்லை. பெரிய மூட்டையைத் தரையில் இழுப்பதுபோல இருந்தது. கோயிலடியிலிருந்து பார்த்தபோது கடைசி மூன்று வீடுகள் இல்லை. ஆட்களை எண்ணினோம். எல்லோரும் இருந்தார்கள்.

"நீங்க காலையிலேயே சொன்னீங்கக்கா," என்றேன்.

"சொன்னேன்ல," என்றார் புஷ்பம் அக்கா. அவ்வளவுதான். ஈர முந்தானையை உதறிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

மிச்ச ஐந்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். ரயிலில் போகும்போது எட்டிப் பார்ப்பேன். மானாப்புல் மட்டும் ஆளுயரத்துக்கு நிற்கிறது. லயத்து ஆட்கள் ஆளுக்கொரு ஊர். புஷ்பம் அக்கா கினிகத்தேனைப் பக்கம் தனி வீட்டில் இருக்கிறார். தைப்பொங்கலுக்குப் போனில் பேசினார்.

"வீடு வசதிதான் மிஸ். ஆனா லயத்துல ஒரு வீட்டுல அடுப்பு பத்தவச்சா எட்டு வீட்டுலயும் இருமுவோம். இங்க யாரு இருமுறதும் கேக்க மாட்டேங்குது."