கண் வைப்பவள்

அந்தப் பொம்மைக் கடையின் மாடியில் அவளுக்குப் பெயர் கண்ணுக்காரி. வாடிக்கையாளர் அனுப்பும் போட்டோவைப் பார்த்து, அவரைப் போலவே சுண்டுவிரல் உயரத்தில் பொம்மை செய்து தரும் கடை அது. உடம்பும் தலையும் மெஷினில் அச்சாகி வரும். பிறகு சட்டைக்கும் தலைமுடிக்கும் நிறம் ஏறும். கடைசியில் முகத்துக்குக் கண் வைப்பது அவள். "கண்ணு வைக்கிறவங்க வந்தாச்சா?" என்று முதலாளி சத்தமாகக் கேட்கும்போது, புதிதாகப் படியேறி வருகிறவர்கள் ஒரு நிமிடம் திகைத்து நிற்பார்கள். பொம்மைமேல் அவள் கண் வைத்தால் அதற்கு உயிர் வரும். மனிதர்கள்மேல் வைத்தால் என்ன ஆகும் என்பதை அவள் புருஷனைத்தான் கேட்க வேண்டும்.

சந்தேகம் அவளோடு கூடவே பிறந்தது. பால் பாக்கெட்டை வெட்டுவதற்கு முன்பே முகர்ந்து பார்ப்பாள். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, படியிறங்கி, மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பாள். யாராவது வாய் தவறி "இன்னைக்கு நல்லா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டால், அப்படியென்றால் நேற்று எப்படி இருந்தோம் என்று பொழுது சாயும்வரை யோசிப்பாள். புருஷன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் சீக்கிரம் வந்தால் ஏன் சீக்கிரம் என்று ஒரு கேள்வி. தாமதமாக வந்தால் ஏன் தாமதம் என்று ஒரு கேள்வி. சரியான நேரத்துக்கு வந்துவிட்டால்தான் ஆபத்து. "என்ன இன்னைக்கு எல்லாம் கச்சிதமா இருக்கு?" என்பாள். மனிதர் பழகிவிட்டார். லிஃப்ட் சில சமயம் நின்றுபோவதைப்போல இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்.

ஆனால் அந்தச் சந்தேகம்தான் அவளுக்குச் சோறு போட்டது. முதன்முதலில் வேலை கேட்டு வந்த அன்று, முதலாளி ஒரு பெரியவரின் போட்டோவைக் கொடுத்து "இவரை வரைஞ்சு காட்டுங்க" என்றார். அவள் தூரிகையைத் தொடவே இல்லை. போட்டோவையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவர் கண்ணாடி போடுறவர். போட்டோவுக்காகக் கழட்டியிருக்கார். மூக்குல தடம் இருக்கு பாருங்க. கண்ணாடி இல்லாம பொம்மை செஞ்சா வீட்டுல இருக்கவங்களுக்கே அடையாளம் தெரியாது." முதலாளி விசாரித்தார். அப்படித்தான் இருந்தது. எதற்கெடுத்தாலும் 'பரவாயில்லை' என்று சொல்லும் மனிதர் அவர். அன்று மட்டும் "அடேங்கப்பா" என்றார்.

ஜன்னலை ஒட்டிய நாற்காலி அவளுடையது. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வைத்துக்கொள்வதைப் போன்ற சின்ன லென்ஸை வலது கண்ணில் இடுக்கிக்கொண்டு, மயிரிழை போன்ற தூரிகையால் வேலை செய்வாள். அவளுடைய இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல்; அதை நம்பி எதையும் செய்ததில்லை. 'முதல் கண்ணு யாருக்கும் வரும், ரெண்டாவது கண்ணுதான் தொழில்' என்பாள். உண்மைதான். பொம்மையின் வலது கண்ணை எங்கு வைத்தாலும் குற்றமில்லை. இடது கண் அதே இடத்தைப் பார்க்க வேண்டும். கடுகளவு பிசகினாலும் ஆள் மாறுகண் ஆகிவிடுவார். அதெல்லாம் முடிந்து நிறம் காய்ந்ததும், மறுநாள் காலையில் மேலே வார்னிஷ் அடிப்பார்கள். அடித்துவிட்டால் முடிந்தது கதை. அதற்குக் கீழே இருப்பது நல்லதோ கெட்டதோ, அப்படியே நிற்கும்.

அந்த வார்னிஷ் வேலைக்கு நாத்தனாரைக் கொண்டுவந்தவள் அவளேதான். புருஷனின் தங்கை, கட்டியவனோடு ஒத்துவராமல் ஒரே ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தவள். பாவம் என்ற நினைப்பு பாதி, வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போனால் அலமாரியைக் குடைவாளோ என்ற பயம் பாதி. இரண்டும் சேர்ந்து அவளைக் கடைக்கு அழைத்து வந்தன. தெரு விழித்துத் தூசி கிளம்புவதற்கு முன் வார்னிஷ் அடித்துவிட வேண்டும் என்பதால் நாத்தனார் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவாள். கண்ணுக்காரி சமையலை முடித்துவிட்டுப் பின்னால் போவாள்.

சில மாதங்கள் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு ஒருநாள், வார்னிஷ் அடித்த பொம்மையைப் பெட்டியில் வைக்கும்போது கண்ணுக்காரி லென்ஸை மாட்டிப் பார்த்தாள். பொம்மையின் இடது கண் வேறெங்கோ பார்த்தது. முந்தின மாலை அவள் வைத்த கண் அது இல்லை. அடுத்த பொம்மையிலும் அப்படியே. தூரிகைகளை எடுத்துப் பார்த்தாள். மிகச் சின்னத் தூரிகையின் நுனி ஈரமாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் கண்கொத்திப் பாம்பாக மாறினாள். முதலாளியும் நாத்தனாரும் படிக்கட்டருகே பேசிக்கொண்டிருப்பார்கள்; இவள் தலை தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு ஓசையில்லாமல் ஏறினாள்.

"இன்னும் எவ்வளவு நாளைக்கு மறைக்க முடியும்?" என்று முதலாளி கேட்டார்.

"நான் பாத்துக்கறேன் சார். அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் நாத்தனார்.

கண்ணுக்காரி வந்த வழியே ஓசையில்லாமல் இறங்கினாள். அன்று மாலை நாத்தனார் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் பையைத் திறந்தாள். கைக்குட்டை சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன்கள். ஒவ்வொரு ஸ்பூனின் முதுகிலும் வரிசை வரிசையாகக் கண்கள், எல்லாம் ஜோடி ஜோடியாக. அத்தனையும் அவளையே பார்த்தன. பயத்தில் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

புருஷனிடம் சொன்னாள். "உங்க தங்கச்சி என் வேலையைக் கெடுத்து, என் நாற்காலியைப் பிடிக்கப் பாக்குறா."

"அவளா? அவ எறும்பை மிதிக்கவே யோசிப்பா."

"எறும்புகிட்ட நாற்காலி இருக்கா?"

"நீ காபி ஊத்தும்போது பாதி வெளியில சிந்துது. அத முதல்ல பாரு" என்றார். டம்ளர் வாய் கோணலாகிவிட்டது, புது டம்ளர் வாங்க வேண்டும் என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

கையும் களவுமாகப் பிடித்தால்தான் இவர்கள் நம்புவார்கள் என்று முடிவு செய்தாள். அப்போது அவள் கையில் ஒரு பல் டாக்டர் பொம்மை இருந்தது. அவருடைய ஊழியர்கள் பரிசு கொடுப்பதற்காகச் செய்யச் சொன்னது. டாக்டருக்கு வலது கன்னத்தில் மச்சம். அவள் வேண்டுமென்றே இடது கன்னத்தில் மச்சம் வைத்தாள். கண்கள் இரண்டையும் உயிரைக் கொடுத்து ஒழுங்காக வைத்தாள். வழக்கத்துக்கு மாறாக, நிறம் காய்ந்ததும் அன்று மாலையே தானே வார்னிஷும் அடித்தாள். அது காய்ந்தபின் பார்த்தால், அடித்தது தெரியாத வகை வார்னிஷ். இனி யார் அதன்மேல் தூரிகை வைத்தாலும் அந்த நிறம் வார்னிஷுக்கு மேலேதான் நிற்கும். ஈரப் பஞ்சால் துடைத்தால் வந்துவிடும். அவள் வைத்தது மட்டும் அசையாது. காலையில் நாத்தனார் மேலே இன்னொரு பூச்சு அடித்துக் காரியத்தை மறைத்துவிடக் கூடாதே என்று வார்னிஷ் ஸ்பிரே கேனையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். வார்னிஷ் கலங்குவதற்காகக் கேனுக்குள் போட்டிருக்கும் கோலிக்குண்டு நடக்க நடக்க டக் டக் என்றது.

"பையில என்ன உருளுது?" என்று புருஷன் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. புளிப்பு மிட்டாய் டப்பா" என்றாள். அவருக்கும் அன்று முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

மறுநாள் சமையலைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினாள். முதலாளியையும் போனில் கூப்பிட்டு வரவழைத்திருந்தாள். நாத்தனார் மேஜை, அலமாரி எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஸ்பிரே கேனைக் காணோம்."

"கிடைக்கும், கிடைக்கும். எது எது காணாமப் போச்சோ எல்லாம் இப்ப கிடைக்கும்."

கண்ணுக்காரி லென்ஸை மாட்டிக்கொண்டாள். பல் டாக்டரின் மச்சம் வலது கன்னத்துக்குப் போயிருந்தது. பஞ்சை நனைத்து அந்தக் கன்னத்தைத் துடைத்தாள். பழுப்பு நிறம் பஞ்சில் வந்தது. இடது கன்னத்தைத் துடைத்தாள். தோல் நிறம் வந்தது; அடியில் அவள் வைத்த பொய் மச்சம் எட்டிப் பார்த்தது.

"பாத்தீங்களா சார்? என் வேலைமேல இவ கை வைக்கிறா. இதுக்கு என்ன சொல்றீங்க?"

முதலாளி போட்டோவைப் பார்த்தார். "மச்சம் தப்பான பக்கம் இருந்திருக்கு. சரி பண்ணியிருக்காங்க. பரவாயில்லையே."

"அது நான் வேணும்னே வெச்சது. ஆனா என் கண்ணையும் தொட்டிருக்கா. இடது கண்ணைப் பாருங்க, கோணல். இப்ப துடைக்கிறேன், அடியில என் கண்ணு எப்படி இருக்குன்னு நீங்களே பாருங்க."

துடைத்தாள். பஞ்சில் கறுப்பும் வெள்ளையும் வந்தன. அடியில் அவளுடைய கண் தெளிவாகத் தெரிந்தது. நேராக, அழகாக, கச்சிதமாக. பொம்மையை வெற்றியோடு நீட்டினாள். "இதுதான் கண்ணு!"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். முதலாளி பொம்மையை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாக மேஜைமேல் வைத்தார். எதற்கும் பரவாயில்லை என்று சொல்பவர், அதற்கு மட்டும் சொல்லவில்லை.

"ஏன் சார் பேசாம இருக்கீங்க? நேராத்தானே பாக்குது?"

"இல்லம்மா" என்றார். "கொஞ்ச நாளாவே இல்ல. ஒருத்தர் திருப்பியே அனுப்பிட்டார், எங்கப்பாவுக்கு மாறுகண் கிடையாதுன்னு. உங்களை வேற வேலைக்கு மாத்தலாம்னு இருந்தேன். இவங்கதான் வேணாம்னாங்க. ஸ்பூன்ல பழகிக்கிட்டு, காலையில வந்து திருத்துறேன்னாங்க."

"ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் போடுறீங்களா?"

"அண்ணி" என்றாள் நாத்தனார். "சொன்னா நம்பியிருப்பீங்களா? என்னை நம்ப வேணாம். இடது கண்ணைக் கையால மூடிட்டு, வலது கண்ணால மட்டும் அந்த ஜன்னல் கம்பியப் பாருங்க."

இதிலும் ஏதோ சூது இருக்கும் என்றுதான் நினைத்தாள். இருந்தாலும் லென்ஸைக் கழற்றிவிட்டு மூடிப் பார்த்தாள். நடுக்கம்பி நடுவில் புடைத்து வளைந்திருந்தது. யாரோ இழுத்து வளைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. எழுந்து போய்க் கம்பியை மேலிருந்து கீழாக விரலால் தடவினாள். கண்ணுக்கு வளைந்து தெரிந்த இடத்தில் விரலுக்கு எந்த வளைவும் தட்டுப்படவில்லை. கம்பி நேராக இருந்தது. மறுபடி தடவினாள். அப்போதும் நேராகத்தான் இருந்தது.

உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவள் அந்த ஒரு கண்ணை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை. சிந்திய காபியும் கோணலான டம்ளரும் நினைவுக்கு வந்தன. அழுகையாக வந்தது. அதைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"சாயங்காலம் கண் டாக்டர்கிட்ட போகலாம் அண்ணி. நானும் வரேன்."

"போகலாம்" என்றாள். திரும்பி வந்து தன் நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். "இப்ப உட்காரு. பாதியில நிக்குது இவரோட முகம்."

நாத்தனார் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். மச்சத்தை இடம் மாற்றினாள். அடியில் இருந்த இடது கண்ணை வெள்ளையால் மறைத்து, மேலே புதுக் கண்ணை வைத்தாள். ஜன்னல் வழியே வெயில் வந்தது. நிறம் சீக்கிரமே காய்ந்தது.

கண்ணுக்காரி லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அவளுக்கு அது கோணலாகத்தான் தெரிந்தது. டாக்டரின் வலது கண் அவளைப் பார்த்தது. இடது கண் வாசலைப் பார்த்தது.

"நேரா இருக்கா?" என்று கேட்டாள்.

"நேரா இருக்கு அண்ணி."

முதலாளியைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. பையிலிருந்து ஸ்பிரே கேனை எடுத்தாள். கோலிக்குண்டு டக் டக் என்று ஓடும்படி நன்றாகக் குலுக்கினாள். கோணலாகத் தெரிந்த அந்தக் கண்ணின்மேல் வார்னிஷ் அடித்தாள்.