சினை இல்லாத ஓரா மீன்கள்

ஓரா மீனை அளந்து தரச் சொன்னவர், ஆய்வுக்கூட வேலையை எனக்குக் கற்றுத்தந்த பிரெஞ்சு மருத்துவர். அந்த இனத்து மீன்கள் செங்கடலிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக அப்பாலுள்ள குளிர்ந்த கடலில் போய்க் குடியேறியிருந்தன. அங்கே அவை எவ்வளவு வளர்கின்றன, எந்த மாதங்களில் முட்டையிடுகின்றன என்று அவருடைய நண்பர் குறித்துக்கொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க நம் வெதுவெதுப்பான கடலின் பட்டியல் வேண்டும். வாரம் ஒருமுறை நரம்பை என்ற மீனவர் குப்பத்தின் கரைக்குப் போய், வலை கரையேறியதும் மீனை வாங்கி அளக்க வேண்டும்.

நான் போகவில்லை. பாகூரில் எங்களுடையது நிலபுலம் உள்ள வீடு. மீன்தான் எங்கள் வாசலுக்கு வரும், நாங்கள் குப்பத்துக்குப் போவதில்லை. கூடை சுமந்து வரும் மீன்காரம்மாவிடமே வாங்கினேன். தாளில் கட்டம் போட்டேன்: மாதம், நீளம், எடை, சினை. எடுத்த இடம் என்பதில் 'நரம்பைக் கரை' என்று எழுதினேன். ஆறு மாதமும் சினைக் கட்டத்தில் 'இல்லை'. ஒரு மீனும் என் சாணுக்கு மேல் நீளமில்லை. மருத்துவர் பாராட்டினார். அடுத்த கப்பல் தபாலில் போகும் என்றார்.

அந்த வாரம் நான் மீனின் வயிற்றைக் கீறுவதை மீன்காரம்மா பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா தேடற, மோதிரத்த முழுங்கிடுச்சா?"

"சினை இருக்கா பாக்கறேன். டவுன்ல தொர கேட்டிருக்காரு."

"நல்லா பாத்த போ! சினை மீனு கரையிலயே போயிடும்மா. வயித்த அமுக்கிப் பாத்து எடுத்துக்குவாங்க. பெருசெல்லாம் டவுனுக்கு. மிச்சந்தான் இந்தக் கூடையில வருது."

மறுநாளே வண்டி கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனேன். பட்டியல் தவறு, அனுப்ப வேண்டாம் என்றேன். அதுவரை சரி.

"கரையில் நீயே நின்று வாங்கியதுதானே?" என்று மருத்துவர் கேட்டார்.

"மீன்காரி ஏமாற்றிவிட்டாள். நல்லதை ஒளித்துவிட்டுக் கழித்ததைக் கொடுத்திருக்கிறாள்."

அவர் பக்கங்களின் குறுக்கே கோடு இழுத்தார். இந்த ஆட்களை நம்பியதுதான் உன் பிழை என்று ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அடுத்த முறை மீன்காரம்மா கூடையை இறக்கியதும், மேலே இருந்த மீன்களை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஈரத் துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். உள்ளே வயிறு புடைத்த பெரிய ஓரா.

"கரையில சண்ட போட்டு வாங்கியாந்தேன். ஒங்க தொரைக்குக் காட்டு, சந்தோசப்படுவாரு. முள்ளு பாத்துப் புடி, குத்துனா கடுக்கும்."

அளந்தேன். கீறினேன். சினை இரண்டு பக்கமும் மஞ்சளாக நிறைந்திருந்தது. மீன்காரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா, இதானே நீ கேட்டது?"

"இதுதான்" என்றேன். அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அடுத்த வாரம் கரைக்கு நானும் வரேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளிருந்து அப்பாவின் செருமல் கேட்டது. சொல்லவில்லை.