சலவைக்கூடத்துப் பேட்டி

ஆராய்ச்சி நிறுவனத்தில் அவளுக்கு வேலை ஆட்களைப் பேசவைப்பது. அலுவலகத்தில் அவளைக் கேள்விக்காரி என்பார்கள். எல்லாரும் அவளிடம் பேசிவிடுவார்கள் என்றில்லை. லாரி ஓட்டுநர்களிடம் போனபோது, அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் நின்ற ஆண் உதவியாளரைப் பார்த்தே பதில் சொன்னார்கள். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்துப் பெண்களைப் பற்றி ஆய்வு என்றதும் பேராசிரியர் யோசிக்கவே இல்லை. கேள்விக்காரியின் அம்மா அங்கேதான் துணி மடிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் போர்வைக் குவியல்மேல் படுத்துத் தூங்கி வளர்ந்தவள் இவள். "நீங்க அந்த இடத்துப் பொண்ணு. உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுவாங்க," என்றார்.

போர்வைகளை விட்டுத் தேய்க்கும் சூடான இஸ்திரி உருளையில் வேலை செய்யும் அக்காவிடம் முதலில் போனாள். வேலையில் என்ன சிரமம் என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாததா?" என்றாள் அக்கா.

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். மேற்பார்வையாளரைப் பற்றிக் கேட்டால், உங்கம்மா சொல்லியிருப்பாளே என்றார்கள். பிறகு அவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஏன் இப்படி இளைத்துவிட்டாய், வீட்டுக்காரரை ஏன் இந்தப் பக்கமே காணோம் என்றெல்லாம் கேட்டார்கள். அவருக்கு வேலை அதிகம் என்று இவள் மழுப்பினாள்.

ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்து பார்த்தபோது பாதிக்குமேல் இவள் பேச்சாக இருந்தது. பேராசிரியர் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, "இதுல யாரு யாரைப் பேட்டி எடுத்தது?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்கிற ஆள் இல்லை.

அடுத்து அவரே போனார். அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். சத்தம் கேட்கக் கூடாதென்று இயந்திரங்களை நிறுத்தினார்கள். மேற்பார்வையாளர் அவருடைய நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். ஒரு குறையும் இல்லை சார் என்று எல்லாரும் வரிசையாகச் சொன்னார்கள். ஒலிப்பதிவு மட்டும் துல்லியமாக இருந்தது.

கேள்விக்காரி திரும்பவும் போனாள். தேநீர் இடைவேளையில், துணி அடுக்கும் அறையில், இஸ்திரி அக்காவும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். அக்கா விட்ட இடத்திலிருந்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டாள்.

"பிரிஞ்சுட்டோம்க்கா. அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

 அக்கா தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து மேல்வரைக்கும் தோல் வெந்து சுருங்கியிருந்தது.

"உருளையில மாட்டிக்கிச்சு. சொன்னா வேலையை விட்டு நிறுத்திடுவாங்க. உங்கிட்ட சொல்லவும் பயம்தான். நீ இப்ப பெரிய ஆபீஸ் ஆளாச்சே."

தானும் அவர்களில் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டு போன இடத்தில், இத்தனை நாளும் தன்னை மேலிடத்து ஆளாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற இருவரும் தங்கள் கைகளைக் காட்டினார்கள்.

அறிக்கையில் பெயர்கள் இல்லை, காயங்கள் இருந்தன. கேள்வி கேட்டவள் யார் என்றும் ஒரு பத்தி எழுதினாள்: அம்மா அங்கே வேலை செய்கிறாள், கணவனைப் பிரிந்தவள், அதைச் சொன்ன பிறகே மற்றவர்கள் வாய் திறந்தார்கள். சொந்த விஷயம் எதற்கு என்று பேராசிரியர் அந்தப் பத்தியை அடித்தார். இதை எடுத்துவிட்டால் காயம் எப்படி வெளியே வந்தது என்று யாருக்கும் புரியாது என்று சொல்லி, அவள் திரும்பச் சேர்த்தாள். மருத்துவமனை உருளைக்குத் தடுப்புக்கம்பி போட்டது. மேற்பார்வையாளர் அப்படியேதான் இருந்தார்.

கணவனைப் பிரிந்த விஷயம் அம்மாவுக்குப் போகாமலா இருக்கும்? துணி அடுக்கும் அறைப் பேச்சு, அம்மாவுக்குத் தெரியாது என்ற பகுதி மட்டும் வழியில் விட்டுப்போய், அன்றைக்கே அம்மாவின் மடிப்பு மேஜைக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலமே அம்மா மகள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுச் சொன்னாங்க. நானும் தெரிஞ்ச மாதிரியே கேட்டுக்கிட்டேன்," என்றாள்.

மகள் அழுதாள். அம்மா அழுது முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லாரையும் பேட்டி எடுத்தாயே, என்னை ஏன் கேட்கவில்லை என்றாள். சொந்தக்காரர்களைப் பேட்டி எடுக்க விதியில் இடம் இல்லை என்றாள் மகள்.

"அப்ப வேற ஆளை அனுப்பு. எனக்கும் சொல்றதுக்கு இருக்கு."

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் போனாள். காலையில் போனவள் கூடம் மூடுகிற நேரத்துக்குத்தான் திரும்பினாள். அம்மா என்ன சொன்னாள் என்று கேள்விக்காரி கேட்கவில்லை, அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. அதுவரை உட்கார்ந்தபடியே பேசியவள், கொஞ்ச நாளைக்குக் கேள்விக்காரியிடம் பேசும்போது மரியாதையாக எழுந்து நின்று பேசினாள்.