விளையாடிவிட்டு வந்த எங்கள் மச்சாள்

அண்ணாவின் மனைவியான எங்கள் மச்சாள் மறைந்து முப்பத்தொரு நாள்கள் ஆகின்றன. நோயென்று ஒருநாளும் படுத்திராதவர். முதல் நாள் மாலை என்னோடு கதைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னவர். அடுத்த நாள் அவர் இல்லை. அண்ணாவுக்கும் எங்களுக்கும் இன்னும் அது நம்பக்கூடிய செய்தியாக ஆகவில்லை.

மச்சாள் யப்பானின் வடக்கே, பனி கொட்டும் ஒரு மீன்பிடிப் பட்டினத்தில் பிறந்தவர். தகப்பனார் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். அங்கே முறைக்காகக் காத்திருந்த ஆண்கள் சதுரங்கத்தை ஒத்த ஷோகி என்னும் ஆட்டத்தை ஆடுவார்கள். கடையைக் கூட்ட வந்த மகள் பார்த்தே பழகி, சிறுவயதிலேயே அவர்களைத் தோற்கடித்தார். பள்ளிப் பருவம் முடிவதற்குள் தனியே தலைநகர் ரோக்கியோவுக்குப் போனார்.

அந்த ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்ட பெண்கள் அப்போது மிகச் சிலர். ஆண்கள் ஆடும் அறைக்குத் தேநீர் கொண்டுபோவதும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. ஆண்களோடு மோதிய ஒரு போட்டியில் மச்சாள் முதன்முறையாக ஒரு மூத்த ஆட்டக்காரரை வென்றார். தோற்றவர் அதைத் தன் வாயால் சொல்வது மரபு. அந்த மனிதர் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார். மச்சாள் பலகையின் முன்னால் அசையாமல் இருந்தார். நெடுநேரத்தின் பின் அந்த மனிதர் திரும்பி வந்து, தலை தாழ்த்தித் தோற்றதாகச் சொன்னார்.

“நான் தோத்தால் நான் சொல்லுவன். அவரும் சொல்லத்தானே வேணும்” என்று இதை எங்களுக்கு விளக்கினார் மச்சாள்.

கனடாவில், ரொறன்ரோவில் இருந்த ஷோகி ஆர்வலர்கள் ஒருமுறை அவரை ஆடிக்காட்ட அழைத்திருந்தார்கள். அந்த நகரின் சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்த அண்ணாவுக்கு அந்த மண்டபத்தில் கதிரை அடுக்கும் வேலை. கூட்டம் கலைந்த பிறகு அண்ணா, அரசன் பிடிபடாமல் நிற்கும்போதே எதிராளி ஏன் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். மச்சாள் அதேபோன்ற ஆங்கிலத்தில் காய்களைத் திரும்ப அடுக்கிக் காட்டியிருக்கிறார். அடுத்த வருடம் அவர்களுக்குத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அம்மா அதிர்ந்துபோய்ப் பல நாள் கதைக்கவில்லை. மருமகள் யாழ்ப்பாணத் தமிழில் கதைக்கத் தொடங்கியதும் கொஞ்சம் இளகினார். போட்டிகளுக்காக மச்சாள் யப்பானுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

அப்படிப் போயிருந்தபோதுதான் எங்கள் தலையில் இடி விழுந்தது. பெண்களுக்கான பட்டப்போட்டியில் மச்சாளும் எதிராளியும் சமமாக நின்றார்கள். கடைசி ஆட்டம் மறுநாள். இங்கே அண்ணா வேலை செய்த தொழிற்சாலையில் பாரம் சரிந்து அவருடைய முதுகில் விழுந்தது. சத்திரசிகிச்சைக்குப் போகும் முன் அண்ணா என் கையைப் பிடித்து, மச்சாளுக்கு மறைக்க வேண்டாம், ஆனால் விளையாடி முடிக்கச் சொல் என்றார். நான் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். மச்சாள் ஒன்றைத்தான் கேட்டார்.

“அவர் என்ன சொன்னவர்?”

“விளையாடச் சொன்னவர்.”

“அப்ப விளையாடிப்போட்டு வாறன்.”

பக்கத்தில் நின்ற அம்மா விறைத்துப்போனார். உறவினர்கள் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். எனக்கும் என்ன நினைப்பதென்று தெரியவில்லை. மச்சாள் வென்றார். பட்டம் வழங்கும் விழாவுக்கு நிற்காமல் விமானம் ஏறி, பெட்டியோடு மருத்துவமனைக்கு வந்து நின்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணா கண்ணைத் திறந்து, “வெண்டனீரோ?” என்று கேட்டார். “ஓம்” என்றார் மச்சாள். அண்ணாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் மச்சாள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மா எழுந்து தன் கதிரையை அவருக்குக் கொடுத்தார்.

அண்ணா மீண்டும் நடக்கவில்லை. அடுத்த வருடம் பட்டத்தைக் காத்துக்கொள்ளும் போட்டி வந்தது. அண்ணா போகச் சொல்லி மன்றாடினார். அம்மாவும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

“போனமுறை உங்கடை சொல்லைக் கேட்டனான். இந்தமுறை நீங்கள் என்ரை சொல்லைக் கேளுங்கோ” என்றார் மச்சாள்.

விளையாடாமலே பட்டம் கைமாறியது. அதன்பின் அவர் தொழிலாக ஆடவில்லை. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் குடியேறி, முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தார். வருந்தினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிந்ததில்லை.

உடல் வைக்கப்பட்டிருந்த மலர்ச்சாலைக்கு யப்பானிலிருந்து ஐந்தாறு பெண்கள் வந்து, அண்ணாவின் சக்கர நாற்காலியின் முன் வரிசையாகக் குனிந்து வணங்கினார்கள். அவர்கள் இன்றைய ஆட்டக்காரிகள். எங்கள் மச்சாள் போட்ட வழியில்தான் தாங்கள் வந்ததாக ஒருவர் அழுதுகொண்டு சொன்னபோது, இத்தனை வருடம் எங்களோடு இருந்தவர் யாரென்று அன்றுதான் உறைத்தது. அவர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், சாப்பாடு கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒருவருக்கு மட்டும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வேலை முடிந்து வந்த மச்சாள் பஸ் தரிப்பிடத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, முன்பின் தெரியாத முஸ்லிம் சகோதரி ஒருவர் அவரைத் தன் மடியில் தாங்கியிருக்கிறார். அம்புலன்ஸ் வரும்வரை அவரோடு தமிழில் கதைத்ததும் அந்தச் சகோதரிதான். அன்று மாலை வீட்டைத் தேடி வந்து, மச்சாள் கடைசியாகச் சொன்னதை அண்ணாவிடம் ஒப்படைத்தார்.

“அவர் எனக்காகக் காத்துக்கொண்டு இருப்பார். சாப்பிடச் சொல்லுங்கோ.”

செய்தி வந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீரும் குடிக்காத அண்ணா, மச்சாள் சமைத்து மூடிவைத்துவிட்டுப் போன சோற்றை எடுத்து வரச் சொன்னார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, முழுவதையும் சாப்பிட்டார்.