பரீட்சைக்கு வைத்த குடலிறக்கம்

மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் ஒட்டிக்கொண்ட வார்த்தை 'நல்ல கேஸ்'. நோய் முற்றி, கைக்கும் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்தால் அது நல்ல கேஸ். சீக்கிரம் குணமாகிப் போகிற ஆளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். அறுவை சிகிச்சை மேற்படிப்புக்குப் போனால் இந்தப் புத்தி எலும்பு வரைக்கும் இறங்கிவிடும்.

இப்போது உத்திரமேரூர் பக்கம் அரசு மருத்துவமனையில் வேலை. சொந்த ஊர் திருப்புலிவனம், வீட்டிலிருந்தே வந்து போகிறேன். போன நெல்லறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் காவாந்தண்டலத்திலிருந்து ஒரு விவசாயக் கூலி வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூட்டை தூக்கித் தூக்கி, குடல் அடிவயிற்றைத் தாண்டி விதைப்பை வரை இறங்கியிருந்தது. இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். பார்த்தவுடன் எனக்குள் எழுந்தது அந்தப் பாழாய்ப்போன வார்த்தைதான். படித்த படிப்பு அப்படி. அடுத்த வாரம் ஆபரேஷன் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்கு அவர் வரவில்லை. மனைவி மட்டும் வந்தார்.

"காலேஜு வேன் வந்து இட்டுக்கினு பூட்டாங்க சார். அங்க பெரிய டாக்டருங்க உடனே ஆபரேசன் பண்றாங்களாம். அறுப்புக்குள்ள எய்ந்து நடமாடணும்னு இவரும் ஏறிக்கினாரு."

பரீட்சை நேரம். அது நான் படித்த கல்லூரி. பரீட்சை வந்தால் வேன் ஊர் ஊராகப் போகும். நல்ல கேஸ்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து, பரீட்சை எழுதுகிறவர்கள் தொட்டுப் பார்ப்பதற்காக அறுக்காமல் படுக்கையில் பத்திரமாக வைத்திருப்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

"சார், அவருக்கு முதல்ல ஆபரேஷன முடிச்சிடுங்க. கொடல் மாட்டிக்கிச்சுன்னா கஷ்டம்."

அவர் சிரித்தார். "என்னப்பா நீ, இவ்ளோ அழகான ஹெர்னியாவ இப்பவே தெச்சிட்டா பசங்க எதப் பாத்து எழுதுவாங்க? எக்ஸாம் முடியட்டும்."

அழகாம். ஒரு மனிதன் குனிந்து களை பிடுங்க முடியாமல் கிடக்கிறான், அதற்குப் பெயர் அழகு. பேராசிரியர் சிரித்த அதே சிரிப்பை நாங்களும் அவர் பின்னால் நின்று சிரித்துப் பழகியவர்கள்தான்.

பரீட்சை முடிந்தது. துறைக்கு லீவு, பொங்கல் கழித்து வாருங்கள் என்று சொல்லி, அதே வேனில் ஏற்றி வீட்டில் விட்டுவிட்டார்கள். நான்காம் நாள் ஷேர் ஆட்டோவில் என்னிடம் வந்தார். பச்சையாக வாந்தி. புடைப்பு கல்லாக இறுகி, உள்ளே போக மறுத்தது.

"அங்க உங்கள இன்னா பண்ணாங்க அண்ணா?" என்று கேட்டேன்.

"இன்னா பண்ணாங்க... காலீலேர்ந்து பொயுது சாயற வரிக்கும் இருமிக்கினே இருந்தேன் சார். ஒர்த்தர் மாத்தி ஒர்த்தர் வந்து வேட்டியத் தூக்கச் சொல்லுவாங்க, இருமச் சொல்லுவாங்க, அமுக்குவாங்க. பொம்பளப் புள்ளைங்ககூட சுத்தி நின்னுக்கினு இருந்துச்சிங்க. எப்போ அறுப்பீங்கன்னு கேட்டேன். இன்னொரு தபா இருமுன்னாங்க."

மயக்க மருந்து டாக்டர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேரும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன். வயிற்றைத் திறந்தபோது ஒரு சாண் குடல் கறுத்து, செத்துப்போய்க் கிடந்தது. நாற்றம் முகமூடியைத் தாண்டி வந்தது. பத்து நாள் முன்னால் என்றால் அரைமணி நேர வேலை, குடலைத் தொடவே வேண்டாம். இப்போது வெட்டி எடுத்து, மீதியை இணைத்துத் தைத்தேன். யாரோ சில பேர் அந்தக் குடலில் பாஸாகியிருப்பார்கள். நாளைக்கு அவர்களும் கத்தி பிடிப்பார்கள்.

உயிர் பிழைத்துவிட்டார். இந்த வருஷ அறுப்பு போனது போனதுதான். மூட்டையை இனிமேல் தொடக்கூடாது என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அவர்கள் வீட்டுச் சாப்பாடே அந்த மூட்டைக் கூலிதான்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். அரைத் தூக்கத்தில் இருந்தவர் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் போர்வையை விலக்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, தையல் போட்ட வயிற்றோடு, யாரும் சொல்லாமலே இருமினார்.