எம்.எல்.ஏ.வுக்கு நாங்கள் அனுப்பிய மனு

வளைகுடாவில், ருவைஸ் என்ற ஊரில், ஒரு எம்.எல்.ஏ.வின் அப்பா எங்களோடு மெஸ் வரிசையில் தட்டேந்தி நின்றார். நம்ப எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் கவுன்சிலரின் மச்சான்கூடக் கார்க் கதவைத் தானே திறக்க மாட்டான். அவர் பெயர் ஹெக்டர். எங்கள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெல்டிங் இன்ஸ்பெக்டர், அமெரிக்கர். அவருடைய அப்பா மெக்சிகோவிலிருந்து அங்கே பருத்தி எடுக்கப் போனவராம். இப்போது மகள் எலேனா, இருபத்தேழு வயதில், தங்கள் மாநிலச் சட்டமன்றத்துக்கே ஜெயித்துவிட்டாள். நம்பிய பிறகு நாங்கள் சும்மா விடுவோமா? பொன்னாடை வாங்கி வந்து மெஸ்ஸிலேயே போர்த்தினோம். "இந்த வெயிலில் போர்வை எதற்கு?" என்று கேட்டார் மனிதர்.

அந்தச் சிரிப்பெல்லாம் அந்தக் கோடையோடு போயிற்று. என் தம்பி செல்வம் சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். விசா எடுத்து அவனைக் கூட்டி வந்தவனே நான்தான். உடல் சவக்கிடங்கில் கிடந்தது. கான்ட்ராக்டர் ஆபீஸில் தினமும் "பேப்பர் மாஃபி, இன்னும் வரவில்லை, நாளைக்கு வா" என்றார்கள். ஊரில் அம்மா அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். போனில் ஒரே கேள்விதான்: "எப்பப்பா கொண்டாருவ?"

பள்ளிக்கூடத்தில் சீட்டோ, வீட்டுப் பட்டாவோ, எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தால் நடக்கும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 'உயர்திரு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து ஆங்கிலத்தில் எழுதி, கேம்ப்பில் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி ஹெக்டரிடம் நீட்டினேன்.

"அவள் எங்கள் தொகுதிக்குத்தான் உறுப்பினர். இங்கே அவள் பேச்சை யார் கேட்பார்கள்?"

"எம்.எல்.ஏ. ஒரு வார்த்தை சொன்னால் போதும் சார்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

எலேனாவால் ஒன்றும் முடியவில்லை. முப்பத்தெட்டாம் நாள் எப்படியோ ஒரு கையெழுத்து விழுந்து தம்பி ஊர் போய்ச் சேர்ந்தான். பிறகு ஒருநாள் எலேனாவிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. இறந்த ஒருவர் பெயரைச் சொல்லி அன்றைய கூட்டத்தை முடிப்பது அவர்கள் சபையில் வழக்கமாம். எலேனா எழுந்து, 'அந்நிய மண்ணில் வேலை செய்து இறந்த செல்வம்' என்று சொல்லியிருக்கிறாள். தன் தாத்தாவும் பருத்திக் காட்டிலேயே செத்தார், அவர் பெயரை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை என்று கடிதத்தில் இருந்தது. படித்துவிட்டு அழுதேன். பிறந்த நாட்டிலும் சரி, உழைத்த நாட்டிலும் சரி, அவன் பெயரை யாரும் ஒரு தடவைகூட உரக்கச் சொன்னதில்லை.

அடுத்த தேர்தலில் அவள் தோற்றுப்போனாள். 'யாரோ ஒரு இந்தியனுக்கு அழுகிறவள் நமக்கெதற்கு' என்று எதிராளி நோட்டீஸ் அடித்தானாம். "அதனால் தோற்கவில்லை" என்று ஹெக்டர் இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன். எவ்வளவு ஆசையாக வந்த பிள்ளை, இரண்டே வருடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாவி நான், மனு கொடுத்தே அவளைக் கவிழ்த்துவிட்டேன். அவளுக்குப் போட என்னிடம் ஒரு ஓட்டுகூட இல்லை.

லீவில் ஊர் போனபோது எங்கள் பக்கமும் தேர்தல். இங்கேயாவது போடுவோமே என்று வரிசையில் நின்றேன். வெளியூரிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் பட்டியலைப் புரட்டினார். வெளிநாட்டில் இருக்கிறவன் என்று என் பெயரை எப்போதோ நீக்கியிருக்கிறார்கள்.

"உங்க பேரு இல்லையே. அதே வீட்டு நம்பர்ல செல்வம்னு ஒருத்தர் இருக்காரு. அது நீங்களா?"

"இல்ல சார். என் தம்பி."

"அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. அவர வரச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு, மை படாத விரலோடு வெளியே வந்தேன்.