சக்கர மூடியில் எழுதிய ‘அ’

காலை 8.40. மதுரை அரசரடியிலிருந்து வேனில் புறப்பட்டோம். சோழவந்தானுக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். விஜயதசமி, வெள்ளிக்கிழமை. மூன்று வயது மீனாவுக்கு என் அப்பா வீட்டில் ஏடு தொடங்க வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் அவள் அரிசியில் ‘அ’ எழுதியாக வேண்டும்.

பழைய வேன்; நாங்கள் வாங்கி இரண்டு மாதம்தான். கிளம்புமுன் ரேடியேட்டர் தண்ணீர், பிரேக், ஸ்டெப்னி எல்லாம் பார்த்தேன். நான்கு டயரையும் கட்டைவிரலால் அழுத்தினேன். அப்பா வீட்டில் அரிசி இருக்குமென்று தெரிந்தும் இரண்டு படி பச்சரிசி ஏற்றினேன்.

“டயர் என்ன மாம்பழமா, அமுக்கிப் பாக்குற?” என்றார் கணவர்.

9.15. துவரிமான் தாண்டியதும் ‘டப்’. பின்சக்கரத்து மாம்பழம் வெடித்துவிட்டது.

ஓரங்கட்டினார். மீனாவைப் புளியமரத்தடியில் உட்காரவைத்தேன். முன்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தேன். ஒரு கொப்பை ஒடித்து வேனுக்குப் பின்னால் சாலையில் போட்டேன். போதாதோ என்று இன்னும் பத்தடி தள்ளிப் போட்டேன். கணவர் வேனில் கிடந்த கரண்டிக் காம்பால் சக்கர மூடியை நெம்பிக் கழற்றிவிட்டு, திரும்பாமலே கை நீட்டினார்.

“ஜாக்கி, ஸ்பேனர்.”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்தவள் நான்தான்.

“சாமிகிட்ட இருக்குங்க.”

“எந்தச் சாமி?”

“நம்ம வீட்டுச் சாமி. பொரி கடலை பக்கத்துல.”

9.40. எதிரே வந்த டிராக்டர்காரர் நின்றார். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

“நம்மளதும் பூசையிலதான் இருக்குண்ணே. கோச்சடையில வீடு. போயி எடுத்துட்டு வாரேன். ஒரு மணி நேரமாகும்.”

பஸ்ஸும் பத்தரைக்குத்தானாம். எனக்குக் கண் கலங்கியது. காரணத்தைச் சொன்னேன்.

“அரிசி இருக்கா?”

“ரெண்டு படி.”

“அம்புட்டா! பெறகென்ன, எழுதச் சொல்லு தாயி.”

“எங்கப்பாதான் கையப் பிடிக்கணும்.”

“நீ எம்புட்டுப் படிச்சிருக்க?”

“பி.ஏ.”

“பி.ஏ. படிச்ச ஆத்தா கையப் பிடிச்சா ‘அ’ வரமாட்டேன்னுருமா? நான் மூணாப்பு. நான் பிடிச்சாத்தான் பயப்படணும்.”

அவர் டிராக்டரைக் கிளப்பிப் போனார். தட்டு மட்டும் நான் கொண்டுவரவில்லை. சக்கர மூடியைக் கழுவி அரிசியைக் கொட்டினேன். செய்யலாமா, கூடாதா? கைக்கடிகாரம் 10.20 காட்டியது. மீனாவை மடியில் வைத்து விரலைப் பிடித்தேன். ‘அ’ வந்தது, கொஞ்சம் பஞ்சரான டயர்போல.

சொன்னபடியே அவர் ஜாக்கியோடு வந்தார். அதிலும் சந்தனம் அழியாமல் இருந்தது.

11.40. சோழவந்தான். அப்பா கோபப்படவில்லை. ஆனாலும் பன்னிரண்டுக்கு ராகுகாலம் முடிந்ததும் தன் பங்குக்கு வெள்ளித்தட்டில் அரிசி பரப்பி மீனாவை அழைத்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“சக்கரத்துலதான் எழுதுவேன்.”

அப்பாவே வேனுக்குப் போய் மூடியை எடுத்துவந்தார். மாலை திரும்பும்போது அதைத் தர அவருக்கு மனமில்லை. மதுரைக்கு மூன்று சக்கர மூடிகளோடுதான் வந்து சேர்ந்தோம்.